கொடிக்கயிற்றில் தொங்கிய மலை ரயில்

குன்னூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். உண்மை நிகழ்வைச் சொல்லும் கட்டுரையைக் கொடுத்து, "இது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது?" என்று கேட்டால், பிள்ளைகள் சுருக்கத்தை ஒப்பிப்பார்கள். தவறு என் கேள்வியில்தான் என்று புரியவே ஒரு பருவம் ஆனது.

அப்புறம் நம் மலை ரயிலைப் பற்றி நானே ஒரு பக்கம் எழுதினேன். முதல் பத்தி 2005: யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கிருந்து 1854-க்குத் தாவல், முதல் யோசனை. 1891-இல் வேலை. பிறகு காலமே நகராத ஒரு பத்தி: இன்ஜினின் பற்சக்கரம், தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்வரிசையைக் கவ்வி ஏறும் விதம். அப்புறம்தான் 1899, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில். கடைசியில் 1908, ஊட்டி.

பத்திகளை வெட்டிக் கொடுத்து இரண்டு கொடிக்கயிறு கட்டினேன். மேல் கயிற்றில் கட்டுரை சொன்ன வரிசை, கீழ்க் கயிற்றில் உண்மையில் நடந்த வரிசை. (பசை வேண்டாம், இங்கத்திய மூடுபனியில் காகிதம் நமத்துப்போகும். துணி கிளிப்தான்.)

பற்சக்கரப் பத்தியைக் கீழே எங்கே மாட்டுவது என்று ஒரே சண்டை.

"டீச்சர், இதுக்கு வருஷமே இல்லையே?"

"சரி, அப்புறம் ஏன் அதை அங்கே வைத்தேன்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கடைசி பெஞ்சுப் பையன் சொன்னான்: "அடுத்த பத்தியில ரயில் மலை ஏறப் போகுது. எப்படி ஏறும்னு முன்னாடியே சொல்லிடணும்ல."

2005-ஐ முதலில் வைத்தது மட்டும் அவனுக்குப் பிடிக்கவில்லை. "முடிவைச் சொல்லிட்டீங்களே!" அதில் நியாயம் இருக்கிறது.

அடுத்த வாரம் ஒரு நாளிதழ்க் கட்டுரை கொடுத்தேன். யாரும் சுருக்கம் சொல்ல எழவில்லை, கத்தரிக்கோல் கேட்டார்கள்.