உவர்வயலுக்கு ஒரு சிவப்பரிசி: வீட்டு முற்றத்தில் நெல்லைக் கலப்பினம் செய்யும் முறை

யாழ்ப்பாணத்து அராலியிலும் நாவற்குழியிலும் களப்போரமாக வயல் வைத்திருப்பவர்களுக்கு, மழை நேரத்தோடு நின்றுவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நிலம் காயக் காய உப்பு மேலே ஏறும். பால்பிடிக்க வேண்டிய கதிர் சப்பியாகிப் போகும். உப்பைத் தாங்கும் திருந்திய இனங்கள் நாட்டில் உண்டு. அம்பலாந்தோட்டையில் உருவாக்கப்பட்ட ஏ.ரி. 354 அவற்றுள் ஒன்று. கேரளக் கரையோரத்துப் பொக்காளி நெல்லின் குணம் அதற்குள் இருக்கிறது. ஆனால் பிட்டுக்கும் பொங்கலுக்கும் யாழ்ப்பாணத்து வீடுகள் தேடுவது மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பரிசியை. உப்பைத் தாங்கினாலும் வீட்டுக்காரர் விரும்பிச் சமைக்காத நெல்லை எந்த விவசாயியும் இரண்டாம் தடவை விதைக்கமாட்டார். ஆகவே விளைச்சல், தரம், உவர்தாங்கல் மூன்றையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து நினைத்துத்தான் கலப்பில் இறங்க வேண்டும். கலப்புச் செய்வது ஒரு பின்னேர வேலையும் ஒரு காலை வேலையுந்தான். பிறகு வரும் தெரிவுதான் பல போகங்களை எடுக்கும்.

முதலாவது படி: தாயையும் தந்தையையும் தேர்தல்

தாயாக வெள்ளரிசி தரும் உவர்தாங்கி இனம் ஒன்றையும், தந்தையாக மொட்டைக்கறுப்பனையும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். காரணம் நாலாவது படியில் வரும். விதை கலப்பற்றதா என்பதை, ஒவ்வொன்றிலும் 20 நெல்மணிகளை உமி நீக்கிப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

இரண்டும் ஒரே கிழமையில் பூக்க வேண்டும். திருந்திய இனங்கள் பெரும்பாலும் மூன்று, மூன்றரை மாதப் பயிர்கள். பழைய இனங்கள் பல நீண்ட வயதுடையவை. பகற்பொழுது குறுகினால்தான் பூப்பவையும் உண்டு. ஆகவே தந்தையை முதலில் விதைத்துவிட்டு, தாயைப் பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவையாகச் சாடிகளில் விதையுங்கள். மூன்றில் ஒரு தொகுதியாவது தந்தையோடு ஒத்துப் பூக்கும். சாடி என்றால் வயல்மண் நிரப்பிய பழைய வாளியே போதும்.

இரண்டாவது படி: ஆண்மை நீக்கல்

நெல்லின் ஒவ்வொரு பூவிலும் ஆறு மகரந்தக்கூடுகளும், ஒரு சூலகமும், அதன் தலையில் இறகுபோன்ற இரண்டு குறிகளும் இருக்கின்றன. பூ விரியும் வேளையிலேயே மகரந்தம் அதன் சொந்தக் குறியில் கொட்டிவிடுவதால், நெல் தானே தன்னைச் சூல்கொள்ளச் செய்யும் பயிர். அதைத் தடுக்க, பூ விரிவதற்கு முதல் நாள் மகரந்தக்கூடுகளை அகற்றுகிறோம்.

தேவையானவை: கூரிய சிறு கத்தரிக்கோல், முனை மெல்லிய சாவணம், எண்ணெய்த்தாளில் ஒட்டிய நீண்ட பைகள், அடையாளச்சீட்டு, பென்சில். பென்சில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நான் முதன்முதலில் செய்த கலப்புகளின் சீட்டுகளைப் பேனாவால் எழுதியிருந்தேன். கார்த்திகை மழையில் மை கரைந்து, எந்தக் கதிர் எந்தக் கலப்பு என்று தெரியாமல் அத்தனை விதையையும் வீசவேண்டியதாயிற்று. பென்சில் எழுத்து மழைக்கு அழியாது.

பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு, கொடியிலையின் (கதிருக்கு அடுத்துள்ள கடைசி இலையின்) உறையிலிருந்து பாதியளவு வெளிவந்த கதிரைத் தெரிந்தெடுத்து, உறையை மெல்லப் பிரித்து விடுங்கள். நுனியில் ஏற்கனவே விரிந்து முடிந்த பூக்களையும், அடியில் இன்னும் பச்சையாக இருக்கும் இளம் பூக்களையும் வெட்டி அகற்றி, நடுப்பகுதியில் முப்பது, நாற்பது பூக்களை மட்டும் விடுங்கள். ஒரு பூவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் உமிக்குள் மகரந்தக்கூடுகள் நிழலாகத் தெரியும். அவை பூவின் பாதி உயரத்தில் நின்றால் அது நாளை விரியப்போகும் பூ.

இப்போது பூவின் மேல் மூன்றிலொரு பகுதியைச் சரிவாக வெட்டுங்கள். உள்ளே வெளிர்மஞ்சள் நிறத்தில் ஆறு கூடுகளும் நெருக்கமாக நிற்பது கண்ணுக்குத் தெரியும். சாவணத்தின் முனையை உமியின் உட்சுவரோடு ஒட்டி இறக்கி, கூடுகளை அடியில் பிடித்து மேலே இழுங்கள், நசுக்கக்கூடாது. எடுத்தவற்றை ஆறு என்று எண்ணிய பிறகே அடுத்த பூவுக்குப் போங்கள், ஏனெனில் ஒன்று தங்கினாலும் அந்த மணி கலப்பாக இராது. குறியில் சாவணம் பட்டால் அந்தப் பூவையே வெட்டி எறிவது நல்லது. முதல் கதிருக்கு ஒரு மணித்தியாலம் செல்லும். ஐந்தாவது கதிருக்கு இருபது நிமிடம் போதும். முடிந்ததும் பையை மாட்டி அடியில் மடித்துக் கட்டுங்கள்.

மூன்றாவது படி: மகரந்தம் சேர்த்தல்

மறுநாள் காலை ஒன்பது மணியிலிருந்து தந்தைச் செடியைக் கவனியுங்கள். வெயில் ஏறும்போது பூக்கள் வாய் திறந்து கூடுகள் வெளியே எட்டிப்பார்க்கும். மப்பு நாளில் இது பத்து, பதினொரு மணி வரை பிந்தலாம். நெல் மகரந்தம் வெளிவந்த பிறகு உயிரோடிருப்பது சில நிமிடங்களே. எனவே தந்தைக் கதிரை வெட்டி எடுத்துக்கொண்டு தாயிடம் விரைவாகச் செல்லுங்கள். பையின் மேல்முனையைத் திறந்து, கதிரைத் தலைகீழாகப் பிடித்து விரலால் தட்டுங்கள். வெயிலுக்கு எதிரே பார்த்தால் மெல்லிய மஞ்சள் தூசி விழுவது தெரியும். தெரியாவிட்டால் மகரந்தம் விழவில்லை, இன்னொரு கதிரை எடுங்கள். குறி ஓரிரு நாள் ஏற்கும் நிலையில் இருப்பதால் அடுத்த காலையும் ஒருமுறை தட்டலாம்.

சீட்டில் முதலில் தாயின் பெயரையும் பிறகு தந்தையின் பெயரையும், ஆண்மை நீக்கிய நாளையும் மகரந்தமிட்ட நாளையும் எழுதிக் கட்டுங்கள். ஐந்து நாளில், வெட்டிய உமிக்குள் பச்சையான மணி நீள்வது கண்ணில் படும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் முற்றிய மணிகளை எடுத்து நிழலில் உலர்த்துங்கள். உமியின் மேற்பகுதி வெட்டுப்பட்டிருப்பதால் இந்த மணிகளை எங்கு கண்டாலும் அடையாளம் தெரியும். அதே காரணத்தால் பூஞ்சணமும் எளிதில் பிடிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

நாலாவது படி: முதற் சந்ததியைச் சரிபார்த்தல்

கலப்பு மணிகளைத் தனித்தனியாக முளைக்கவைத்து வளருங்கள். அரிசியின் சிவப்பு நிறத்தைத் தரும் பரம்பரையலகு (குணத்தைப் பிள்ளைக்குக் கடத்தும் கூறு) ஆட்சியானது, வெள்ளை பின்னிடைவானது: இரண்டும் ஒரே செடியில் சேர்ந்தால் சிவப்பே தெரியும். தாய் வெள்ளையாக இருந்ததால், உண்மையான கலப்புச் செடி தரும் அரிசி முழுவதும் சிவப்பாக இருக்கும். மகரந்தக்கூடு தப்பித் தன்மகரந்தம் சேர்ந்த செடி வெள்ளரிசியையே தரும். அதை உடனே பிடுங்கிவிடலாம். தாய் சிவப்பாக இருந்திருந்தால் இரண்டையும் நிறத்தால் பிரித்தறிய முடியாது.

இங்கே தொடக்கக்காரர் பலர் குழம்புவதுண்டு. அரிசியின் சிவப்பு இருப்பது அதன் மேற்றோலில். அந்தத் தோல் தாய்ச்செடியின் இழையம். ஆகவே கலப்பு செய்த அதே கதிரில் விளையும் மணி வெள்ளையாகவே இருக்கும். கலப்பு பிழைத்துவிட்டது என்று எண்ணி அதை எறியக்கூடாது. நிறம் ஒரு தலைமுறை பிந்தியே தெரியும்.

ஐந்தாவது படி: இரண்டாம் சந்ததியில் தெரிவு

முதற் சந்ததிக் கலப்புச் செடிகள் தந்த விதையை முளைக்கவைத்தால் வருவது இரண்டாம் சந்ததி. குணங்கள் பிரிந்து வெளிப்படுவது இந்தச் சந்ததியில்தான். குறைந்தது 200 செடிகளையாவது ஒற்றை ஒற்றையாக நடுங்கள். நிறத்தை மட்டும் பார்த்தால் நாலில் மூன்று செடி சிவப்பரிசி தரும். அந்த மூன்றில் ஒன்று மட்டுமே தூயது, அதாவது அதன் பிள்ளைகள் எல்லாம் சிவப்பாகவே வரும். எது தூயது என்பதை அதன் பிள்ளைகளைப் பார்த்தே அறியலாம். பரம்பரையலகுகளைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் நெல்லில் 12 சோடி. நல்லவை எல்லாம் ஒரே செடியில் கூடுவது அரிது என்பதால்தான் எண்ணிக்கை வேண்டும் என்கிறேன்.

செடியின் உயரம், வயது, அரிசி நிறம் ஆகியவற்றுக்கு இப்போதே தெரிவு செய்யலாம். உயரம் முக்கியம்: பழைய இனங்கள் உயர்ந்து வளர்ந்து காற்றுக்குச் சாய்ந்துவிடும். நெல்லைக் குட்டையாக்கிய பரம்பரையலகும், பார்லியைக் குட்டையாக்கிய பரம்பரையலகு ஒன்றும் அடிப்படையில் ஒன்றே. இரண்டும் ஜிபரலின் என்ற வளர்ச்சிப் பதார்த்தத்தின் உற்பத்தியைக் குறைக்கின்றன. சலக்கடுப்புக்கு அவித்துக் குடிக்கும் அதே பார்லி, உவர்தாங்கலில் நெல்லுக்கு மூத்த அண்ணன். மண்கரைசலின் மின்கடத்துதிறன் (உப்பின் அளவைக் காட்டும் அளவீடு) மீற்றருக்கு 3 டெசிசீமனைத் தாண்டினால் நெல் ஒவ்வோர் அலகுக்கும் ஏறக்குறைய 12 சதவீத விளைச்சலை இழக்கும். பார்லி 8 வரை தாங்கி, அதற்குமேல் ஏறக்குறைய 5 சதவீதம்தான் இழக்கும்.  

விளைச்சலுக்கு மட்டும் இப்போது தெரிவு செய்ய வேண்டாம். ஒற்றைச் செடி நிறையக் கதிர் தள்ளினால் அது நல்ல பரம்பரையாலோ, பக்கத்துச் செடி பட்டு இடம் கிடைத்ததாலோ என்று சொல்ல முடியாது.

ஆறாவது படி: உப்புச் சோதனை

உவர்தாங்கல் நிறத்தைப்போல ஒரே பரம்பரையலகால் வருவதன்று. பொக்காளியில் முதலாம் நிறமூர்த்தத்தில் உள்ள சால்ரோல் என்ற பகுதி, சோடியத்தைக் குறைத்துப் பொற்றாசியத்தைக் கூட்டிவைக்க உதவுகிறது. ஆனால் அதோடு வேறு பலவும் சேர்ந்தே தாங்குதிறன் அமையும். எனவே தனிச்செடியைச் சோதிக்காமல், தெரிந்தெடுத்த ஒவ்வொரு செடியின் விதையிலிருந்தும் இருபது நாற்றுகளை வளர்த்து, குடும்பமாகச் சோதியுங்கள். தாய், தந்தை இரண்டின் நாற்றுகளும் அதே தட்டில் பக்கத்தில் நிற்க வேண்டும். அவை இல்லாமல் செய்யும் சோதனைக்கு அளவுகோல் இல்லை.

நமது கிணற்றுநீரிலேயே உப்பு இருப்பதால் மழைநீரைப் பயன்படுத்துங்கள். ஒரு லீற்றருக்கு 3.5 கிராம் உப்பு கரைத்தால் மின்கடத்துதிறன் ஏறக்குறைய 6 டெசிசீமன் வரும். தேக்கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுங்கள். இரண்டு கிழமை நாற்றுகளுக்கு மூன்று நாள் பாதிச் செறிவும், பிறகு முழுச் செறிவும் கொடுங்கள். ஆவியாகும் நீரை வெறும் மழைநீரால் ஈடுசெய்யாவிட்டால் உப்பு நாளுக்கு நாள் ஏறிவிடும். பத்துப் பதினாலு நாளில் கீழ் இலைகளின் நுனி வெளுத்துச் சுருளும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1 முதல் 9 வரை புள்ளியிடுகிறது: 1 என்றால் பாதிப்பில்லை, 9 என்றால் செத்துவிட்டது. அதே முறையில் எழுதுங்கள்.

நாற்றில் தாங்கியது பூக்கும்போதும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அந்த இரண்டு பருவங்களிலுந்தான் நெல் உப்புக்கு மிகவும் நொய்மையானது. தேறிய குடும்பங்களின் மீதி விதையைக் களப்போர வயலில் வரிசை வரிசையாக, இரு பெற்றோரையும் இடையிடையே வைத்து விதைத்து, மழை நின்ற பிறகு எந்த வரிசையில் கதிர் நிறைகிறது என்று பாருங்கள். அப்படித் தேறிய வரிசை ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடியை இடித்து மாவாக்கிப் பிட்டு அவித்துப் பார்த்த பிறகே அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வையுங்கள்.

ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்புத்தன்மை பாதியாகும். ஆறாம் சந்ததியில் ஏறக்குறைய 3 சதவீதமே எஞ்சும். விளைச்சலை அளக்கத் தொடங்க வேண்டியது அப்போதுதான்: ஒவ்வொரு வழியையும் (ஒரே செடியிலிருந்து தொடர்ந்து வந்த சந்ததியையும்) மூன்று சிறு பாத்திகளில், வயலின் வெவ்வேறு இடங்களில் விதைத்து, உலர்ந்த நெல்லைத் தனித்தனியே நிறுத்து எழுதுங்கள்.