சாவிய திருப்புனா வெறும் "டக்" சத்தமா? ஸ்டார்ட்டர் மோட்டார் வாங்கறதுக்கு முன்னாடி இத பாருங்க

பினாங்குல போட் வச்சிருக்கிற நம்ம ஆளுங்க நெறைய பேருக்கு இது நடந்திருக்கும். பத்து மாவுங் ஜெட்டில காலைல அஞ்சரை மணி, இரால், ஐஸ் பெட்டி எல்லாம் ஏத்தியாச்சு, சாவிய திருப்புறேன், எஞ்சின்ல இருந்து ஒரே ஒரு "டக்", அதோட சரி. பட்டறைல காட்டுனா ஸ்டார்ட்டர் மோட்டார் அவுட்டுன்னு சொல்லி புதுசு போட்டாங்க, நானும் வாய பொத்திக்கிட்டு காச கட்டுனேன். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் அதே டக். கடைசில நானே மல்டிமீட்டர் வச்சு பாத்தா, எஞ்சின் பிளாக்ல முறுக்கியிருக்கிற நெகட்டிவ் கேபிளோட லக்குக்குள்ள (கேபிள் முனைல போல்ட் மாட்டுற உலோக காது) பச்சையா பூத்து கெடக்குது. ஹார்ட்வேர் கடைல அந்த லக் ஒரு டீ காசுதான் லா.

அதனால மொதல்ல ஸ்பேனர எடுக்காதீங்க, காத குடுங்க. அதுக்கும் முன்னாடி கியர் நியூட்ரல்ல இருக்கா, பேட்டரி மெயின் சுவிட்ச் ஆன்ல இருக்கா, கில் சுவிட்ச் கிளிப் (கழண்டா எஞ்சின அணைச்சிடுற கிளிப்) மாட்டியிருக்கா, இந்த மூணையும் கையால தொட்டு பாருங்க. சிரிக்காதீங்க, மெயின் சுவிட்ச ஆஃப்ல வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் வயர தொரத்துன ஆளு நான். பெட்ரோல் வாசம் இருந்தா மூடிய தொறந்து காத்து போகவிட்டுட்டு அப்புறமா கைய வைங்க, இந்த வேலைல நெருப்புப்பொறி எங்க வேணா வரும்.

சாவிய திருப்புனா ஒன்னுமே இல்ல, வழக்கமா வர்ற பீப் சத்தமும் இல்லைன்னா கரண்டே வரல. எஞ்சின் மூடிக்குள்ள மெயின் ஃபியூஸ் இருக்கும், நெறைய எஞ்சின்ல 20 இல்ல 30 ஆம்ப், அத கண்ணால மட்டும் பாக்காம மீட்டர் வச்சு பாருங்க. பீப் வருது ஆனா டக் கூட இல்லைன்னா நியூட்ரல் சுவிட்ச் மேல சந்தேகப்படுங்க, சாவிய திருப்பி பிடிச்சிக்கிட்டே கியர் லீவர லேசா முன்ன பின்ன ஆட்டுங்க, ஒரு எடத்துல பிடிச்சிடுச்சுன்னா ஆளு மாட்டிக்கிட்டான். அது இல்லைன்னா சாவி சுவிட்ச், இல்ல எஞ்சினுக்கு வர்ற வயர் கட்டோட கனெக்டர், உப்புத்தண்ணிக்கு இது ரெண்டும் ரொம்ப பிடிக்கும்.

"டக்டக்டக்"னு வேகமா அடிச்சா பேட்டரி இறங்கிப்போச்சு, இல்ல டெர்மினல் லூசு. ஒரே டக், இல்ல நோஞ்சான் மாதிரி மெதுவா சுத்துதுன்னா கேபிள், சொலினாய்டு (சாவிய திருப்புனதும் ஸ்டார்ட்டருக்கு கரண்ட சேத்து விடுற சுவிட்ச்), ஸ்டார்ட்டர் இந்த மூணுல ஒன்னு. "விர்ர்"னு ஸ்டார்ட்டர் மட்டும் சுத்துது, ஃப்ளைவீல் (எஞ்சினோட பெரிய சக்கரம்) நகரலன்னா ஸ்டார்ட்டர் தலைல இருக்கிற சின்ன பல்சக்கரம் மேல ஏறல, பெரும்பாலும் அழுக்கும் துருவும்தான், சுத்தம் பண்ணா போதும். ஃப்ளைவீல் நல்லா சுத்துது ஆனா எஞ்சின் பிடிக்கலன்னா நீங்க தேடுறது ஸ்டார்ட்டர் பக்கமே இல்ல, கில் கிளிப், ஸ்பார்க், பெட்ரோல் பக்கம் போங்க. நெறைய எஞ்சின்ல கில் கிளிப் கழண்டிருந்தாலும் ஸ்டார்ட்டர் சுத்தும், ஸ்பார்க் மட்டும்தான் வராது.

இப்ப அந்த ஒத்த டக் விசயத்துக்கு வருவோம், இங்கதான் எல்லாரும் காச விடுறாங்க. பேட்டரிய சும்மா வச்சு அளந்தா 12.6 வோல்ட் காட்டும், நாமளும் பேட்டரி நல்லாருக்குன்னு முடிவு பண்ணிடுவோம் (12.2ன்னா பாதிதான் இருக்கு, 12க்கு வந்துட்டா சார்ஜ் போடாம மேல பேசவே வேணாம்). ஆனா ஸ்டார்ட்டர் சுத்தும்போது நூறு ஆம்பியருக்கு மேலயும் இழுக்கும். கேபிள் முனைல பூத்திருக்கிற பச்சை வெறும் 0.01 ஓம் தடுத்தாலே நூறு ஆம்ப்ல ஒரு வோல்ட் அங்கேயே போயிடும். மீட்டர பீப் மோடுல வச்சு கேபிள டெஸ்ட் பண்ணா நல்லாருக்குன்னுதான் சொல்லும், ஏன்னா மீட்டர் அனுப்புற கரண்டு ரொம்ப ரொம்ப கம்மி, உள்ள நாலு இழை மிச்சம் இருந்தாலும் அதுக்கு போதும். அதனால சாவிய திருப்பிக்கிட்டே அளக்கணும். ஒரு ஆள சாவிகிட்ட உக்கார வைங்க. எஞ்சின் பிடிச்சிடாம இருக்க கில் கிளிப்ப கழட்டிடுங்க. அப்படி கழட்டுனா உங்க எஞ்சின் சுத்தவே மாட்டேங்குதுன்னா கிளிப்ப மாட்டிட்டு, பிளக் வயர கழட்டி பிளாக்குல எர்த் பண்ணிடுங்க, சும்மா தொங்கவிட்டா ஸ்பார்க் குடுக்கிற சிடிஐ பெட்டிக்கு ஆபத்து.

மொதல்ல மீட்டரோட ரெண்டு முனையும் பேட்டரி போஸ்ட்ல, அத கவ்வுற கிளாம்ப்ல இல்ல, ஈயப் போஸ்ட்லயே. திருப்பும்போது 10க்கு கீழ விழுந்தா பேட்டரி செத்துக்கிட்டிருக்கு. 10க்கு மேலயே நின்னா, ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்லயும் இன்னொன்ன எஞ்சின் பிளாக்ல பெயின்ட் இல்லாத போல்ட்லயும் வைங்க. திருப்பும்போது அரை வோல்ட்டுக்கு மேல காட்டுனா எர்த் பக்கம் கோளாறு, என் கதை இதுதான். அதே மாதிரி பாசிட்டிவ் போஸ்ட்ல இருந்து ஸ்டார்ட்டர் டெர்மினல் வரைக்கும் அளங்க. இதுல சாவி திருப்பாதப்ப 12 காட்டும், பயந்துடாதீங்க, சொலினாய்டு இன்னும் சேரல அவ்வளவுதான். திருப்பும்போது நெறைய காட்டுனா சொலினாய்டோட ரெண்டு தடி போல்ட்டுக்கும் நடுவுல தனியா அளங்க, அங்கயும் காட்டுனா உள்ள காண்டாக்ட் கருகிப்போச்சு, சொலினாய்டு மட்டும் மாத்துனா போதும்.

இதெல்லாம் சரி, திருப்பும்போது ஸ்டார்ட்டர் டெர்மினலுக்கும் பிளாக்குக்கும் நடுவுல நல்ல வோல்ட்டேஜ் வருது, ஆனாலும் சுத்தலயா? அப்பவும் ஒரு வேலை பாக்கி. பிளக்க கழட்டிட்டு, சாவிய பாக்கெட்ல போட்டுக்கிட்டு, ஃப்ளைவீல கையால சுத்துங்க. சிலிண்டர்ல தண்ணி நின்னாலும் எஞ்சின் உள்ள இறுகி சிக்கிக்கிட்டாலும் இதே டக்தான் வரும். கையால லேசா சுத்துதுன்னா இப்பதான் ஸ்டார்ட்டர் மேல கைய வைக்கலாம், அதுவும் பாதி நேரம் உள்ள இருக்கிற கார்பன் பிரஷ் தேஞ்சதுதான், முழுசா மாத்தவே வேணாம்.

எந்த டெஸ்ட்லயும் பத்து செகண்டுக்கு மேல சாவிய பிடிக்காதீங்க, ஸ்டார்ட்டர ஆற விடுங்க. கரைல எஞ்சின் ஓடுற மாதிரி இருந்தா தண்ணி பைப் மாட்டிட்டுத்தான், இல்லைன்னா தண்ணிய இழுக்கிற இம்பெல்லர் போயிடும். கேபிள் மாத்துறவங்க ஈயம் பூசுன செம்பு கேபிளா கேட்டு வாங்குங்க, கார் கேபிள் நம்ம உப்புக்காத்துல சீக்கிரம் கருத்துடும். பேட்டரில காது வச்ச நட்டு இருந்தா தூக்கி போட்டுட்டு லாக் நட் போட்டு இறுக்குங்க, அலை ஆட்டுற ஆட்டத்துல கையால இறுக்குன நட்டு நிக்காது.

ஜெரெஜாக் தீவ தாண்டி கடல்ல போய் இப்படி ஆச்சுன்னா மீட்டர் விளையாட்டெல்லாம் வேணாம், அதுவும் விடியக்காலைல சுமாத்திரா காத்து (திடீர்னு அடிக்கிற புயல் காத்து) வர்ற சீசன்ல. நங்கூரத்த போட்டு, லைஃப் ஜாக்கெட்ட மாட்டிக்கிட்டு, டெர்மினல ஒரு தடவ திருகி இறுக்கி பாருங்க. முடியலன்னா சின்ன எஞ்சின்ல ஃப்ளைவீல்ல கயிறு சுத்தி இழுக்கலாம், ஆனா அப்ப கியர்ல இருந்தாலும் எஞ்சின் பிடிச்சிடும், நியூட்ரல ரெண்டு தடவ பாத்துக்குங்க, தொங்குற துண்டு சட்டை எதுவும் கிட்ட வேணாம். அதுக்கும் மசியலன்னா 999 அடிங்க. பிடிச்சிடுச்சுன்னா ஜெட்டி வரைக்கும் அணைக்கவே அணைக்காதீங்க, ஓடும்போது பேட்டரி வயரையும் கழட்டாதீங்க, பேட்டரிக்கு சார்ஜ் குடுக்கிற ரெக்டிஃபையர் போச்சுன்னா அது தனி செலவு.