ஆட்டுக்கு பூச்சி மருந்து ஊத்தறீங்களா, மொதல்ல எடை போடுங்க

ஏற்காடு அடிவாரத்துல மழை விட்டதும் புல்லு தளதளன்னு வரும், ஆடும் வயிறு முட்ட மேயும், மூணு நாலு வாரம் போனா ரெண்டு ஆடு தாடைக்கு கீழ பை மாதிரி வீங்கி நிக்கும். வயித்துல இருக்கற உருண்டைப்புழு ரத்தத்த உறிஞ்சறதால வர்ற வீக்கம் அது. கழிச்சல் இருந்தாதான் பூச்சின்னு நெனைக்காதீங்க, இந்த ரத்தம் குடிக்கற புழுவுக்கு புழுக்கை கெட்டியாவே விழும்.

நம்ம சேலம் கருப்பு ஆட்டுல தோல பாத்து ஒன்னும் தெரியாது, கண்ணுதான் காட்டிக் குடுக்கும். வெளிச்சத்துல நிறுத்தி கீழ் இமைய லேசா இழுத்து உள்பக்கம் பாருங்க, செவசெவன்னு இருந்தா விட்டுடலாம், வெளுத்து கெடந்தா மருந்து ஊத்தியே ஆகணும். முடிஞ்சா அன்னைக்கு போட்ட புழுக்கைய ஒரு கவர்ல எடுத்துட்டு போயி கால்நடை மருந்தகத்துல குடுத்து முட்டை இருக்கான்னு பாக்க சொல்லுங்க.

அளவுதான் எல்லாரும் கோட்டை விடற இடம். நானே ரெண்டு வருஷம் குட்டி கிடான்னு பாக்காம எல்லாத்துக்கும் 5 மில்லி ஊத்தினவன்தான். அப்புறம் சாக்குல போட்டு தராசுல தொங்க விட்டு பாத்தா கிடா 30 கிலோ! வெள்ளாட்டு உடம்பு மருந்த சீக்கிரம் வெளியேத்திடும், அதனால செம்மறிக்கு குடுக்கறத விட கூட தேவைப்படும். அல்பெண்டசோல்ங்கற பூச்சி மருந்துக்கு எங்க டாக்டர் ஆட்டு எடையில கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கு சொன்னார், 2.5 சதவீத மருந்துல ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம் இருக்கு, அப்போ 30 கிலோவுக்கு 12 மில்லி. நான் ஊத்தினது அதுல பாதி கூட இல்ல, புழு சாகாம மருந்துக்கு பழகினதுதான் மிச்சம். உங்க பாட்டில்ல எத்தன சதவீதம்னு பாத்து, டாக்டர்கிட்ட கேட்டு கணக்கு போடுங்க.

பாட்டில நல்லா குலுக்கிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்ச வாயோரமா விட்டு நாக்குக்கு பின்னாடி மெதுவா ஊத்துங்க. தலைய வானத்த பாக்க தூக்கினீங்கன்னா புரை ஏறி நுரையீரலுக்கு போயிடும், அப்புறம் பூச்சிய விட்டுட்டு நிமோனியாவுக்கு வைத்தியம் பாக்கணும். சினை புடிச்சு மொத மாசத்துல இருக்கற ஆட்டுக்கு அல்பெண்டசோல் வேணாம், குட்டி ஊனமா பொறக்கலாம்.

ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி புழுக்கைய பாருங்க. முட்டை அப்படியே இருந்தா மருந்து மாத்தணும், ஆனா அல்பெண்டசோலுக்கு பதிலா ஃபென்பெண்டசோல் வாங்கினா அது மாத்தினதே இல்ல, ரெண்டும் ஒரே குடும்பம், பேர்தான் வேற. லெவாமிசோல், ஐவர்மெக்டின் எல்லாம் வேற வகை, ஆனா லெவாமிசோல் கொஞ்சம் கூடினாலே எச்சில் வடிஞ்சு ஆடு நடுங்கும், டாக்டர கேக்காம தொடாதீங்க.

காலைல பனி காயறதுக்கு முன்னாடி ஓட்டாதீங்க, ஈரப்புல்லுலதான் புழுக்குஞ்சு ஏறி நிக்கும். ஊத்தின ஆட்ட உடனே கறிக்கு குடுக்கவும் கூடாது, எத்தன நாள் விடணும்னு லேபிள்லயே போட்டிருப்பான், பாலுக்கும் அதே மாதிரிதான்.