மொட்டை மாடித் தக்காளி: சென்னை வெயிலுக்கு ஒரு கணக்கு

சென்னையில் தக்காளிச் செடி வளர்ப்பது சுலபம், காய்க்க வைப்பதுதான் பாடு. மார்ச் கடைசியில் செடி இடுப்பளவு வளர்ந்து கொத்துக் கொத்தாகப் பூக்கும். அடுத்த வாரம் பார்த்தால் பூவெல்லாம் தரையில் கிடக்கும். சத்துப் போதவில்லை என்று இன்னும் இரண்டு கை எரு போடுவார்கள். இலை இன்னும் தழைக்கும், பூ இன்னும் உதிரும்.

உதிர்வுக்குப் பெரும்பாலும் காரணம் ராத்திரிப் புழுக்கம். தக்காளிப் பூ காய் பிடிக்க இரவு வெப்பம் 15 முதல் 21 டிகிரிக்குள் இருப்பது உத்தமம். 24ஐத் தாண்டினால் மகரந்தம் சரியாக உருவாகாது. பகலும் 35க்கு மேல் போனால் இருக்கிற மகரந்தமும் வீரியம் இழந்துவிடும். சென்னையில் ஜனவரி இரவு 21 டிகிரி வாக்கில் இருக்கும். ஏப்ரலில் அது 26ஐத் தொடும், கத்திரி வெயிலில் 28. நிழல்வலை கட்டிப் பகல் வெயிலைத் தணிக்கலாம், ராத்திரியைத் தணிக்க வழியில்லை. அதனால் தேதியைத்தான் மாற்ற வேண்டும்.

தேதிக் கணக்கு

விதை போட்டு நாற்று எடுக்க 25 நாள். நட்டதிலிருந்து முதல் பூ வர 25 முதல் 30 நாள். பூவிலிருந்து பழத்துக்கு 45 முதல் 50 நாள். மார்கழியும் தையும் செடி பூத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். ஐப்பசி பிறந்ததும், அதாவது அக்டோபர் 20 வாக்கில் விதை. நவம்பர் நடுவில் நடவு. டிசம்பர் நடுவில் பூ. ஜனவரி கடைசியில் முதல் பழம். அடுத்த ஈடு விதையை நவம்பர் முடிவுக்குள் போட்டுவிடுங்கள். பொங்கல் கழித்து ஆசைப்பட்டு விதைத்தால் பங்குனியில்தான் பூக்கும், அது வீண்.

இன்னொரு சின்னப் பருவம் உண்டு. ஆனி தொடக்கத்தில் விதைத்தால் ஆகஸ்டில் பூக்கும். அப்போது இரவு 25, 26 டிகிரி. எல்லாப் பூவும் நிற்காது, பாதி விளைச்சல் என்று முன்பே மனதைத் தேற்றிக்கொள்ளலாம். வெப்பம் தாங்கும் ரகமாக இருந்தால் அடைமழைக்கு முன் சில கிலோ கிடைக்கும்.

பெங்களூர்க்காரர்களின் வீடியோ பார்த்து மார்ச்சில் நடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே கோடை இரவும் 22 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். கோயம்பேட்டுக்குத் தக்காளி வரும் கோலார், மதனப்பள்ளி, கிருஷ்ணகிரி எல்லாமும் நம்மைவிட மேட்டில் இருக்கும் ஊர்கள்தான்.

ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்குக் கணக்கு தலைகீழ். இரவு 10 டிகிரிக்குக் கீழே போனாலும் மகரந்தம் சரியாக உருவாகாது, உறைபனி பட்டால் செடியே கருகிவிடும். அங்கே பனிக்காலத்தைத் தவிர்த்துவிட்டுக் கோடையில் நடுவதுதான் சரி. குளிரில் காய் பிடிக்கவென்றே வந்த பூசா சீத்தல் போன்ற ரகங்களைச் சென்னையில் வாங்கி வைக்க வேண்டாம்.

ரகம்

முதல் முறை வளர்ப்பவர்களுக்குப் பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம். 1 போதும். வெயில் தாங்கும், புளிப்பு உண்டு, ரசத்துக்கு அருமை. வெள்ளை ஈ தொல்லையால் இலை சுருண்டே பழக்கப்பட்ட மாடி என்றால் பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் (ஐ.ஐ.எச்.ஆர்.) வெளியிட்ட அர்கா ரக்ஷக் வாங்குங்கள். இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றுக்கும் எதிர்ப்புள்ள கலப்பினம் அது. கலப்பினத்தில் விதை எடுத்து மறுபடி விதைத்தால் தாய்ச்செடி போல வராது. செர்ரி தக்காளிக்கு மட்டும் தனிச் சலுகை தரலாம். பெரிய பழ ரகங்கள் பூ உதிர்த்துக்கொண்டிருக்கும்போதும் இது ஒன்றிரண்டு கொத்தாவது நிறுத்தும். உள்ளங்கை அகலப் பழம் அச்சடித்த வெளிநாட்டு விதைப் பாக்கெட் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

பையும் கலவையும்

ஒரு செடிக்கு 15 அங்குல அகலம், 15 அங்குல உயரப் பை. 12 அங்குலப் பையில் ஏறக்குறைய 22 லிட்டர் கலவைதான் பிடிக்கும், மார்ச் மதியத்தில் அது சீக்கிரம் காய்ந்துவிடும். 15 அங்குலத்தில் 40 லிட்டர் பிடிக்கும். நனைந்த பை கனமானது, மாடியின் நடுவில் குவிக்காமல் கைப்பிடிச் சுவரையொட்டி வரிசையாக வையுங்கள்.

செம்மண், கழுவிய தென்னை நார்த்தூள், மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. பைக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு. 'கழுவிய' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கடையில் வாங்கும் 5 கிலோ கோகோபீட் கட்டியில் உப்பு இருக்கும். 25 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, கறுப்புக் காப்பி நிறத் தண்ணீர் வெளிர் டீ நிறமாகும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். அலசாமல் போட்டால் நட்ட பத்தாம் நாள் இலை ஓரம் தீய்ந்துபோகும்.

நாற்று விடுவது அடைமழைக் காலத்தில் என்பதால் நாற்றுக் குழித்தட்டை மழை படாத, ஆனால் வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் வைக்க வேண்டும். குழிக்கு ஒரு விதை, அரை அங்குலத்துக்கும் குறைந்த ஆழம். விதையைச் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளில் புரட்டிப் போட்டால் நாற்றழுகல் குறையும். வெளிச்சம் போதாவிட்டால் நாற்று நூல் போல நீண்டு சாயும். அப்படி நீண்டதையும் தூக்கிப் போட வேண்டாம். அடி இலைகளைக் கிள்ளிவிட்டுக் கழுத்துவரை மண்ணில் புதைத்து நடுங்கள், புதைந்த தண்டெல்லாம் வேர் விடும்.

புயல் எச்சரிக்கை வந்தால் பைகளைச் சுவரின் காற்று படாத பக்கம் நெருக்கி வையுங்கள், குச்சி கட்டிய செடிகளைக் குச்சியோடு சாய்த்துப் படுக்க வைத்தாலும் பரவாயில்லை. தண்ணீர் தேங்குவதுதான் காற்றைவிட ஆபத்து. பையின் அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே பக்கவாட்டில் நான்கு துளை இருக்கிறதா என்று ஐப்பசிக்கு முன்பே பாருங்கள்.

வேருக்குக் குடை

பிப்ரவரி கடைசியிலிருந்து வெயில் ஏறும். பலர் தலைக்கு மேல் வலை கட்டிவிட்டு வேரை மறந்துவிடுகிறார்கள். மதியம் இரண்டு மணிக்குத் தளத்தில் வெறுங்காலோடு நின்று பாருங்கள். செடியின் வேர் நாள் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. நான்கு செங்கல் அல்லது இரும்பு ஸ்டாண்டு வைத்துப் பையைத் தூக்குங்கள். அடியில் காற்றோடினாலே சூடு குறையும், தளத்தில் ஓதமும் இறங்காது. வெயில் படும் மேற்குப் பக்கத்தில் ஈரச் சாக்கைச் சுற்றுங்கள். கறுப்புப் பை என்றால் சுண்ணாம்பு அடித்துவிடலாம்.

மண்ணின்மேல் இரண்டு அங்குலம் மூடாக்கு. காய்ந்த இலை, தேங்காய் நார் எதுவும் ஆகும். கரும்புச் சாறு வண்டியில் சக்கை சும்மாவே தருவார்கள். அதை மூன்று நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பிறகுதான் போட வேண்டும், இல்லையென்றால் எறும்புப் படையே குடியேறும்.

வலை 35 சதவீத நிழல் தருவதாக இருந்தால் போதும். 50 சதவீதப் பச்சை வலைதான் கடையில் எளிதில் கிடைக்கும். அதை ஏழடி உயரத்தில், மேற்கு வெயிலை மறைக்கும்படி சாய்த்துக் கட்டி, காலை வெயிலைத் தடுக்காமல் விடுங்கள். 75 சதவீத வலைக்குக் கீழே செடி பசுமையாக நிற்கும், பூக்காது.

தண்ணீர்

ஜனவரியில் காய்க்கும் செடிக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர். மார்ச் கடைசியில் 3 முதல் 4 லிட்டர், காலை ஆறு மணிக்கு முக்கால் பங்கு, மாலை வெயில் தாழ்ந்ததும் மீதி. மாலையில் ஹோஸைத் திறந்ததும் முதலில் வரும் தண்ணீர் கையைச் சுடும். அதைத் தரையில் விட்டு, ஆறிய தண்ணீர் வந்தபின் செடிக்குக் காட்டுங்கள். மேல்மண் காய்ந்திருப்பதை மட்டும் பார்த்து ஊற்ற வேண்டாம். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, அங்கும் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். மதியம் இலை தொங்கி மாலையில் தானே நிமிர்ந்தால் செடிக்கு ஒன்றும் இல்லை. காலையிலேயே தொங்கினால்தான் கவலை.

ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரை வீணாக்கக் கூடாது என்று தக்காளிக்கு ஊற்றுவது நல்லெண்ணம்தான், ஆனால் அதில் உப்பு செறிந்திருக்கிறது. பை மண்ணில் அது தங்கித் தங்கி வெள்ளைப் பொருக்காக மேலே பூக்கும். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். போர்வெல் தண்ணீர் கரிக்கும் பகுதிகளில் மெட்ரோ தண்ணீரையோ, ஏசியிலிருந்து சொட்டும் உப்பில்லாத நீரையோ கலந்து ஊற்றலாம். மாதம் ஒருமுறை பையின் அடியில் ஒழுகி ஓடும்வரை நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவிவிடுங்கள்.

பூவைப் பார்க்கத் தெரிய வேண்டும்

தக்காளிப் பூக்காம்பின் நடுவில் முழங்கை போல ஒரு கணு இருக்கும். உதிரப்போகும் பூ அந்தக் கணுவில்தான் முதலில் மஞ்சளாகும், விரல் பட்டாலே கழன்று வரும். காய் பிடித்த பூவின் காம்பு பச்சையாகத் தடித்து, கொஞ்சம் வளைந்து, இதழ் மட்டும் வாடிச் சுருங்கும்.

தக்காளி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். காற்றோ தேனீயோ அதிர வைத்தால் போதும். காற்றோட்டம் இல்லாத மாடியில் அந்த வேலையை நாம் செய்ய வேண்டும். காலை எட்டிலிருந்து பத்துக்குள், கொத்தின் காம்பை விரலால் நான்கைந்து முறை சுண்டுங்கள். பழைய பேட்டரி டூத் பிரஷ் இருந்தால் காம்பின் பின்பக்கம் மூன்று விநாடி வைத்தால் மஞ்சள் தூள் உதிர்வது கண்ணுக்கே தெரியும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யலாம்.

கடும் வெயிலில் ஒரு பூவைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். மஞ்சள் கூம்புக்குள் அடங்கியிருக்க வேண்டிய சூல்முடி, அதாவது மகரந்தம் ஏற்கும் நுனி, ஊசி போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பூவுக்கு மகரந்தம் எட்டாது. சுண்டிப் பயனில்லை. அத்தகைய வாரங்களில் உரத்தை நிறுத்தி, செடியை உயிரோடு வைத்திருப்பது மட்டுமே வேலை. பூ உதிர்வை நிறுத்தும் ஊக்கிகள் கடையில் கிடைக்கும். அளவு கூடினால் இலை திருகிக்கொள்ளும், காயும் உள்ளே விதையில்லாமல் பொக்காகப் போகும். வீட்டுக்குத் தேவையில்லாத வம்பு.

நல்ல காலத்தில், முதல் பூ கண்டதும் தழைச்சத்தைக் குறைத்துவிடுங்கள். சாண எருவையும் மீன் அமிலத்தையும் மாற்றி மாற்றி ஊற்றினால் காடு போல இலைதான் வரும். பைக்கு இருபது நாளுக்கு ஒரு கை மண்புழு உரம், பத்து நாளுக்கு ஒருமுறை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா, இவ்வளவு போதும்.

காயில் வரும் குறைகள்

காயின் அடிப்பகுதி கறுத்துத் தோல் போலக் குழிந்தால் அது பூச்சியின் வேலை இல்லை. கால்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை. முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுவார்கள், அது மண்ணில் கரையப் பல மாதம் ஆகும். இந்தப் பழத்துக்கு அது பயன்படாது. மண்ணில் கால்சியம் இருந்தாலும் தண்ணீரோடுதான் அது மேலே ஏறும், ஒரு நாள் வறட்சி, மறுநாள் வெள்ளம் என்றால் ஏறாது. தண்ணீரைச் சீராக்கினால் அடுத்த கொத்து சரியாக வரும். காய் வெடிப்பதற்கும் இதே காரணம்தான்.

வெயில் பட்ட பக்கம் வெளிறி மெழுகு போல ஆனால் இலையை அதிகம் கிள்ளிவிட்டீர்கள். முதல் பூக்கொத்துக்குக் கீழே உள்ள பக்கக் கிளைகளை மட்டும் எடுத்தால் போதும்.

பழம் சிவக்காமல் மஞ்சளாகவே நிற்பது மார்ச், ஏப்ரலில் சகஜம். 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி உருவாவது குறைந்துவிடும். அடியில் லேசாக நிறம் திரும்பிய செங்காயாகப் பறித்து, வீட்டுக்குள் கூடையில் காம்பு கீழே இருக்கும்படி பரப்புங்கள். நான்கைந்து நாளில் நன்றாகச் சிவக்கும், அணிலுக்கும் கிளிக்கும் பங்கு போகாது. பழுக்கும் முன் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் வாசனையும் வராது, நிறமும் வராது.

பூச்சியும் வாடலும்

நுனி இலை சிறுத்து மேல்நோக்கிச் சுருண்டு, செடி குட்டையாக நின்றால் இலைச்சுருள் வைரஸ். மருந்து கிடையாது. பிடுங்கி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அதைக் கொண்டுவருவது வெள்ளை ஈ. நாற்று நட்ட நாளிலிருந்தே இரண்டு செடிக்கு ஒரு மஞ்சள் ஒட்டும் அட்டை. வாரம் ஒருமுறை லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசலோடு, இலையின் அடிப்புறம் படும்படி. மாலை ஐந்து மணிக்குப் பிறகுதான் தெளிக்க வேண்டும், வெயிலில் எண்ணெய் பட்டால் இலை கருகும்.

மார்ச்சில் இலை ஊசி குத்தியதுபோலப் புள்ளி விழுந்து, அடியில் மெல்லிய நூல் பின்னினால் சிவப்புச் சிலந்திப் பேன். காய்ந்த சூட்டில் பெருகும். காலையில் இலையின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பதை மூன்று நாள் தொடர்ந்து செய்யுங்கள்.

பசுமையான செடி ஒரே நாளில் வாடிப் படுத்தால் தண்டை அடியோடு வெட்டி, ஒரு துண்டைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போல நூலாக இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்தப் பை மண்ணில் அடுத்து தக்காளி, கத்திரி, மிளகாய் மூன்றையும் வைக்காதீர்கள்.

ஏப்ரல் கடைசியில் காய்ப்பு ஓய்ந்த செடிகளைப் பிடுங்கிவிடுவதே மேல். கத்திரி வெயிலை மண்ணைச் சுத்தம் செய்யப் பயன்படுத்திக்கொள்ளலாம். நோயில்லாத பைகளின் கலவையைத் தளத்தில் ஆறு அங்குலக் கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, ஒளி ஊடுருவும் பாலித்தீன் ஷீட்டால் மூடி, ஓரத்தில் காற்று புகாமல் செங்கல் வையுங்கள். நான்கு முதல் ஆறு வாரம். பூஞ்சை, நூற்புழு, களை விதை பெரும்பாலும் செத்துவிடும். நல்லதும் சேர்ந்து போயிருக்கும் என்பதால், பிரித்து ஆறவைத்தபின் பைக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கும் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை கலந்த மண்புழு உரம் ஒரு கையும் சேர்த்துப் பத்து நாள் நிழலில் ஈரமாக வைத்திருங்கள்.