முதல் பருவ இயற்பியல்: சமன்பாட்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை

பல்கலைக்கழகத்தில் இயற்பியல் எடுத்த முதல் சில வாரங்களில் திணறுகிறவர்களின் நோட்டை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கேள்விக்கு அடியில் முதல் வரியிலேயே ஒரு சமன்பாடு, அடுத்த வரியில் எண்கள், மூன்றாவது வரியில் விடை. படம் இருக்காது. எந்தத் திசை நேர், எது எதிர் என்ற குறிப்பும் இருக்காது. பள்ளியில் இது போதுமானதாக இருந்தது. ஒரு பாடத்துக்கு நாலைந்து சூத்திரம், அதில் பொருந்துகிற ஒன்றைப் பிடித்து எண்ணைப் போட்டால் மதிப்பெண் வந்துவிடும்.

பல்கலைக்கழகத்திலும் சூத்திரங்கள் ஒன்றும் பெரிதாகக் கூடிவிடுவதில்லை. 1687-ல் நியூட்டன் வெளியிட்ட அதே மூன்று விதிகள்தான் முதல் பருவத்தின் பெரும்பகுதி. ஆனால் எந்த விதியை எந்தப் பொருளுக்கு எழுதுவது என்பதைக் கேள்வி சொல்லாது, நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவைக் காகிதத்தில் எப்படி எடுப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எனக்குப் பலன் கொடுத்த வரிசை இது.

படி 1: கணிதம், தேவையான அளவுக்கு மட்டும்

வகுப்பு தொடங்கும் முன் நுண்கணிதம் முழுவதையும் முடித்துவிட வேண்டும் என்று நினைத்து ஒத்திப்போடாதீர்கள். முதல் மாதத்துக்கு மூன்று விஷயம் கைவசம் இருந்தால் போதும்: ஒரு வெக்டரை இரண்டு கூறுகளாகப் பிரிப்பது, இரண்டு மாறிகள் உள்ள இரண்டு சமன்பாடுகளைத் தீர்ப்பது, அடுக்குக்கோவைகளை வகையிடுவது. இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகையிட்டால் திசைவேகம், அதை மறுபடி வகையிட்டால் முடுக்கம். வரைபடமாகப் பார்த்தால் இது வெறும் சாய்வு. தொகையீடு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. கால்குலேட்டரில் சைன் 30 என்று அடித்துப் பாருங்கள். 0.5 வரவேண்டும். −0.988 வந்தால் அது ரேடியனில் இருக்கிறது, டிகிரிக்கு மாற்றுங்கள். தேர்வு அறையில் உட்கார்ந்ததும் முதலில் இதைச் சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

படி 2: ஒரே ஒரு பொருளை எடுங்கள், அதன் மீதுள்ள விசைகளை மட்டும் வரையுங்கள்

இதுதான் தனித்த பொருள் விசைப்படம். எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்த இடமும் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

கேள்வியில் ஐந்து பொருள் இருக்கலாம். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சுற்றி ஒரு கோடு போட்டு, உலகத்திலிருந்து பிரித்துவிடுங்கள். காகிதத்தில் அதை ஒரு புள்ளியாக வரையுங்கள். அப்புறம் கேளுங்கள்: இதைத் தொட்டுக்கொண்டிருப்பவை எவை? தொடும் ஒவ்வொன்றும் ஒரு விசை தரலாம். தொடாமலே இழுப்பது, இயக்கவியல் பாடத்தில், பூமி ஒன்றுதான். அவ்வளவுதான் பட்டியல்.

ஒவ்வொரு அம்புக்கும் பெயர் வைக்கும்போது "எது, எதன் மீது" என்று முழுசாக எழுதுங்கள். "இழுவிசை" என்று மட்டும் எழுதாமல் "கயிறு கட்டையின் மீது" என்று எழுதுங்கள். கேட்க நீளமாக இருக்கும், ஆனால் முதல் மாதத்துக்கு இதை விடாதீர்கள். இந்தப் பெயரை எழுத முடியாத விசை என்றால் அப்படி ஒரு விசையே இல்லை. மேலே எறிந்த பந்து கையை விட்டபின் ஏறிக்கொண்டே போகிறதே, அதன் மீது மேல்நோக்கி ஒரு விசை இருக்க வேண்டுமே என்று தோன்றும். சரி, அதை எது தருகிறது? கை விட்டுவிட்டது. காற்றுத்தடையை ஒதுக்கினால் பந்தின் மீது பூமியின் இழுப்பு மட்டும்தான் மிச்சம். பந்து ஏறுவது ஏற்கெனவே இருக்கும் திசைவேகத்தால். திசைவேகம் அம்பாக விசைப்படத்தில் வரவே கூடாது.

மையநோக்கு விசையும் அப்படித்தான். வளைவில் திரும்பும் காருக்கு அதைத் தனி அம்பாக வரையக் கூடாது. சாலை டயரின் மீது தரும் உராய்வுதான் அங்கே அந்த வேலையைச் செய்கிறது. மையத்தை நோக்கிய நிகர விசைக்கு நாம் வைத்த பெயர் அது, பட்டியலில் இன்னொரு உருப்படி கிடையாது.

மூன்றாம் விதியிலும் இதே பெயர் முறை காப்பாற்றும். மேசை மேல் ஒரு புத்தகம். பூமி புத்தகத்தின் மீது கீழ்நோக்கி இழுக்கிறது, மேசை புத்தகத்தின் மீது மேல்நோக்கித் தள்ளுகிறது. இரண்டும் சமம், எதிரெதிர் திசை. பலரும் இதையே வினை–எதிர்வினை ஜோடி என்று எழுதுவார்கள். இரண்டும் ஒரே புத்தகத்தின் மீது செயல்படுவதால் ஜோடியாக இருக்க முடியாது. "பூமி புத்தகத்தின் மீது" என்பதைத் திருப்பிப் போடுங்கள், "புத்தகம் பூமியின் மீது". அதுதான் உண்மையான ஜோடி.

செங்குத்து விசை, அதாவது ஒரு பரப்பு தன் மேல் இருக்கும் பொருளைப் பரப்புக்குச் செங்குத்தாகத் தள்ளும் விசை, எப்போதும் எடைக்குச் சமம் என்று மனப்பாடம் செய்திருந்தால் இப்போதே மறந்துவிடுங்கள். லிஃப்ட்டில் 60 கிலோ நிறையுள்ள ஒருவர் நிற்கிறார். லிஃப்ட் சும்மா நின்றால் தரை அவர் மீது தரும் விசை 60 × 9.8, அதாவது 588 நியூட்டன் (9.8 மீ/வி² என்பது புவியீர்ப்பு முடுக்கம்). மேல்நோக்கி 2 மீ/வி² முடுக்கத்தில் கிளம்பினால் 60 × (9.8 + 2), அதாவது 708 நியூட்டன். கீழ்நோக்கி அதே முடுக்கத்தில் என்றால் 468. செங்குத்து விசை என்பது சமன்பாட்டிலிருந்து வெளியே வரும் விடை, அதை உள்ளே கொண்டுபோய்ப் போடக் கூடாது.

உராய்வும் இப்படித்தான். 10 கிலோ பெட்டி, நிலை உராய்வுக் குணகம் 0.5. கிடையாக 20 நியூட்டனில் தள்ளுகிறீர்கள், நகரவில்லை. உராய்வு எவ்வளவு? 0.5 × 98 = 49 என்று எழுதத் தோன்றும். 49 என்பது உச்ச வரம்பு. பெட்டி அசையாமல் நிற்கத் தேவையானது 20 நியூட்டன், உராய்வும் அவ்வளவே தரும்.

படி 3: அச்சும் குறியும்

படத்தின் ஓரத்தில் ஒரு அம்பு போட்டு "+" என்று எழுதுங்கள். முடுக்கம் நடக்கும் திசையிலேயே நேர் அச்சை வைத்தால் வேலை குறையும். சாய்தளக் கணக்கில் தளத்தோடு சேர்த்து அச்சைச் சாய்த்துவிடுங்கள். அப்போது எடை ஒன்றை மட்டும் பிரித்தால் போதும்.

9.8 என்பது எப்போதும் நேர் எண். எதிர்க்குறி உங்கள் அச்சிலிருந்து வருகிறது, எண்ணிலிருந்து அல்ல. 20 மீட்டர் உயர மாடியிலிருந்து 15 மீ/வி வேகத்தில் பந்தை மேல்நோக்கி எறிகிறோம். மேல்திசை நேர் என்றால் உயரம் = 20 + 15 × நேரம் − 4.9 × நேரம்². உயரம் பூஜ்யமாகும் நேரத்தைத் தீர்த்தால் இரண்டு விடை: சுமார் 4.07 வினாடி, சுமார் −1.00 வினாடி. எதிர் விடையைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடாமல் ஒரு நிமிடம் பாருங்கள். அதே பாதையில் பந்து தரையிலிருந்தே கிளம்பியிருந்தால், நீங்கள் எறிந்த கணத்துக்கு ஒரு வினாடி முன்பு கிளம்பியிருக்கும். கணிதத்துக்கு மாடி இருப்பது தெரியாது, அதனால் அந்த விடையையும் சேர்த்துத் தருகிறது.

படி 4: எண்களைக் கடைசியில் போடுங்கள்

வழவழப்பான மேசை மேல் 3 கிலோ கட்டை. அதிலிருந்து கயிறு கப்பி வழியாக இறங்கி 2 கிலோ கட்டையைத் தாங்குகிறது. விட்டால் முடுக்கம் எவ்வளவு, இழுவிசை எவ்வளவு?

இழுவிசை 2 × 9.8 = 19.6 நியூட்டன் என்று உடனே எழுதுகிறவர்கள் அதிகம். ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனிப் படம் போடுங்கள். மேசைக் கட்டைக்கு: இழுவிசை = 3 × முடுக்கம். தொங்கும் கட்டைக்கு, கீழ்த்திசை நேர் என்று வைத்து: 2 × 9.8 − இழுவிசை = 2 × முடுக்கம். இரண்டையும் கூட்டினால் இழுவிசை போய்விடும். முடுக்கம் 19.6 ÷ 5 = 3.92 மீ/வி², இழுவிசை 11.76 நியூட்டன். 19.6 ஆக இருந்திருந்தால் தொங்கும் கட்டை மீது நிகர விசை பூஜ்யம், அது முடுக்கமே அடைந்திருக்காது.

இங்கே புரிவதற்காக எண்களோடு எழுதினேன். நீங்கள் செய்யும்போது நிறைகளுக்கு எழுத்துக் குறியீடு வைத்துக் கடைசி வரி வரை அப்படியே கொண்டுபோங்கள். அப்போதுதான் எல்லைச் சோதனை செய்ய முடியும். மேசைக் கட்டையின் நிறை பூஜ்யம் என்றால்? முடுக்கம் 9.8 ஆகி, தொங்கும் கட்டை தடையின்றி விழ வேண்டும். மேசைக் கட்டை மலை போல் கனமானால்? முடுக்கம் பூஜ்யத்தை நெருங்கி, இழுவிசை 19.6-ஐ நெருங்க வேண்டும். உங்கள் சூத்திரம் இரண்டுக்கும் ஒத்துப்போனால் விடை பெரும்பாலும் சரி. விடைப்பட்டியலைப் புரட்டுவதைவிட இந்தச் சோதனையை நான் அதிகம் நம்புகிறேன், ஏனென்றால் தேர்வு அறையில் விடைப்பட்டியல் இருக்காது.

அலகுகளையும் ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள். 1999-ல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை அடைந்தபோது தொலைந்தது இந்தக் கவனக்குறைவால்தான். ஒரு மென்பொருள் பவுண்ட் விசை–வினாடியில் தந்த எண்ணை இன்னொன்று நியூட்டன்–வினாடி என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் இடையே சுமார் 4.45 மடங்கு வித்தியாசம்.

படி 5: ஆய்வகம்

ஊசல் சோதனை பெரும்பாலும் எல்லாருக்கும் வரும். ஒரு மீட்டர் ஊசலின் அலைவு நேரம் சுமார் 2 வினாடி. ஸ்டாப்வாட்சை அழுத்துவதில் 0.2 வினாடி பிசகலாம். ஒரே அலைவை அளந்தால் அது 10 சதவீதப் பிழை. 20 அலைவுகளைச் சேர்த்து அளந்து வகுத்தால் அரை சதவீதம்தான். வரைபடத்தில் நீளத்துக்கு எதிராக அலைவு நேரத்தின் வர்க்கத்தைக் குறித்தால் நேர்க்கோடு வரும், அதன் சாய்வு 4.03 வி²/மீ அருகில் இருக்க வேண்டும். அளந்த எண்களை நேராக நோட்டில் பேனாவால் எழுதுங்கள். தவறான எண்ணை அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடியுங்கள், காரணத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். பிற்பாடு அந்த எண்தான் சரி என்று தெரியவருவது உண்டு.

எதை வைத்துச் செய்வது

கணக்குக்குக் கோடு போடாத வெள்ளைத்தாளும் பென்சிலும்தான் என் தேர்வு. படம் பெரிதாக வர வேண்டும், அரைப் பக்கம் போனாலும் பரவாயில்லை. வரைபடங்களை முதல் சில சோதனைகளுக்குக் கையால் வரைந்துவிட்டு, பிறகு எக்செல் போன்ற விரிதாளுக்குப் போங்கள். பைத்தான் அருமையானது, ஆனால் முதல் பருவத்தில் அதையும் சேர்த்துத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். சார்புகளின் வடிவத்தைப் பார்க்க ஜியோஜீப்ரா போதும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகப்படுத்தல்கள் இலவசம். அவற்றைத் திறப்பதற்கு முன் என்ன நடக்கும் என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டுத் திறங்கள், இல்லாவிட்டால் வேடிக்கை பார்த்ததோடு நின்றுவிடும். தீர்வு காணொளிகள் விஷயத்திலும் எனக்கு இதே கருத்துதான். நீங்களே விசைப்படம் வரைந்து முடிக்கும் வரை பிளே பொத்தானைத் தொடாதீர்கள்.

பின்னால் சேர்த்தது

கயிற்றின் இரு பக்கமும் ஒரே இழுவிசைதானா என்று பலர் கேட்டிருந்தார்கள். கயிற்றுக்கும் கப்பிக்கும் நிறை இல்லை, கப்பி அச்சில் உராய்வு இல்லை என்று கொண்டால்தான் அப்படி. கப்பிக்கு நிறை உண்டு, கயிறு வழுக்காமல் அதைச் சுழற்றுகிறது என்றால், கப்பியைச் சுழல வைக்கவே ஒரு நிகர திருப்புவிசை தேவை, அதனால் இரு பக்க இழுவிசைகளும் வேறுபடும். மேலே உள்ள கணக்கில் தொங்கும் கட்டைப் பக்கம் இழுவிசை கூடுதலாக இருக்கும். சுழற்சிப் பாடம் வந்ததும் இதே கணக்கை எடுத்து, கப்பிக்கு மூன்றாவதாக ஒரு படம் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு கேள்வி: ஆற்றல் மாறாமை விதி வந்தபிறகும் விசைப்படம் தேவையா? வேகம் மட்டும் கேட்டிருந்து, இடையில் எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்கவில்லை என்றால் ஆற்றல் வழி சுருக்கமானது. முடுக்கமோ இழுவிசையோ கேட்டால் விசைப்படத்துக்கே திரும்ப வேண்டியிருக்கும். எதில் தொடங்குவது என்று தெரியாத கணக்கில் நான் இன்றும் விசைப்படத்தையே முதலில் வரைகிறேன். எந்த விசை வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று ஆற்றல் கணக்குக்குத் தேவையான தகவலும் அந்தப் படத்திலேயே கிடைத்துவிடுகிறது.