சாரம் கட்டினால் டெரிக் ஆகாது

ரயில் மாடலுக்காக நான் கட்டிய முதல் டெரிக்கைப் பார்த்த மாமா, "என்ன மாப்ள, தண்ணி டேங்குக்குச் சாரம் கட்டுறியா?" என்று கேட்டார். எண்ணெய்க் கிணறு என்றேன். குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, "கிணறு எங்க?" என்றார்.

அது இல்லைதான். நான்கு கால் நட்டு, குறுக்கே சட்டம் அடித்து, உச்சியில் ஒரு தட்டு வைத்திருந்தேன். டெரிக் என்பது எண்ணெய்க் கிணற்றின் துளைக்குள் கருவியையும் குழாயையும் இறக்கி ஏற்றுவதற்கான சாதனம். துளையைச் சுற்றித்தான் மற்றதெல்லாம். ரயில் மாடல் போடும் நம்மில் பலர் அதை மறந்துவிட்டுக் கோபுரத்தை மட்டும் கட்டுகிறோம்.

முதலில் காலத்தை முடிவு செய்யுங்கள். நான் எடுத்துக்கொண்டது 1910களின் கலிஃபோர்னியா: டாஃப்ட் ஊரைச் சுற்றியிருந்த எண்ணெய் வயல், அங்கே போன சன்செட் ரயில்வே. சான்ட்டா ஃபே, சதர்ன் பசிபிக் என்ற ரயில் கம்பெனிகள் இரண்டும் கூட்டாக வைத்திருந்த பாதை அது. இந்த மாதிரி மர டெரிக் பக்கத்தில் தலையாட்டும் இரும்பு பம்ப் ஒன்றைக் கொண்டுவந்து வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. எதிர் எடை வைத்த அந்தப் பம்ப்பை டெக்சஸின் லஃப்கின் ஊரில் வால்ட்டர் டிரவுட் வடிவமைத்தது 1925இல்தான். அதற்கு முன்னால், கருவியைத் தூக்கித் தூக்கிப் போட்டுத் துளை போட ஆடிய அதே உத்தரம்தான், போட்டு முடித்த பிறகு எண்ணெயும் இறைத்தது. வாக்கிங் பீம் என்பார்கள். ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

நான் மாட்டிக்கொண்டது இந்த உத்தரத்தில்தான். சுமார் 26 அடி நீளம், எச்.ஓ. என்னும் ரயில் மாடல் அளவில், அதாவது 1:87இல், 9 செ.மீ. அதைத் தாங்கும் சாம்சன் தூண் டெரிக்குக்கு வெளியே நிற்கிறது. உத்தரத்தின் ஒரு முனை உள்ளே நுழைந்து துளைக்கு நேர் மேலே வர வேண்டும். நானோ நான்கு பக்கமும் அடிவரை அழகாகப் பெருக்கல் குறி போல் சட்டம் ஒட்டிவிட்டேன். அப்புறம் பிளேடால் ஒரு பக்கத்தை வெட்டியதும் கால்கள் விரிந்துகொண்டன. உத்தரம் நுழையும் பக்கத்தின் கீழ்க்கட்டத்தை வரையும்போதே காலியாக விட்டுவிடுங்கள். கருவியைச் சுழற்றித் துளை போட்ட பிற்கால ரோட்டரி டெரிக் கட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான். நீளக் குழாய்களை உள்ளே இழுக்க ஒரு பக்கத்தில் உயரமான வாசல் வேண்டும்.

அடுத்தது கனம். சாரம் என்று மாமா சொன்னதற்குக் காரணமே இதுதான். அசல் டெரிக்கின் கால் ஒற்றைத் தூண் அல்ல. 2 அங்குலப் பலகைகளை மூலையில் 'ட' வடிவில் சேர்த்து ஆணி அடித்திருப்பார்கள். 1:87இல் 2 அங்குலம் என்பது 0.6 மி.மீ.கூட இல்லை. கடையில் கிடைக்கும் 3 மி.மீ. சதுரக் குச்சியைக் காலாக வைத்தால், அசலில் அது 10 அங்குலக் கனமுள்ள தூண் ஆகிவிடும். பாஸ்வுட் மரத்தில் அறுத்த மெல்லிய பட்டை கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். பால்சா மரம் வேண்டாம். இந்தக் கனத்தில் விரல் பட்டாலே நசுங்கும். எத்தனை முறை உப்புத்தாள் போட்டாலும், சாயம் ஏறியதும் நார் பிசிறிட்டு நிற்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, போட்டோ எடுத்தால் கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கும்.

சாயத்தை ஒட்டுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். ஃபெவிகால் பட்ட இடத்தில் சாயம் ஏறாது. ஒவ்வொரு ஜாயிண்ட்டிலும் வெள்ளைத் திட்டு நிற்கும். ஸ்பிரிட்டில் சில சொட்டு இந்தியன் இங்க் கலந்தால் போதும். பட்டையின் இரண்டு பக்கமும் தடவ வேண்டும், ஒரு பக்கம் மட்டும் நனைத்தால் வளையும். மொத்தத்தையும் கறுப்பாக அடித்துவிடாதீர்கள். எண்ணெய்க் கறை தரையிலும் அடிப்பகுதியிலும்தான் அதிகம். மேலே வெயிலில் காய்ந்த சாம்பல் நிறம்.

நான்கு பக்கத்தையும் தனித்தனியாகச் செய்து கடைசியில் டப்பா போல் சேர்க்கலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். எதிரெதிர் பக்கம் இரண்டை மட்டும் வரைபடத்தின் மேல் படுக்கவைத்து ஒட்டி, அவற்றை நிமிர்த்தி நிறுத்தி, மற்ற இரண்டு பக்கத்தின் சட்டங்களை நடுவே ஒவ்வொன்றாக வையுங்கள். நாலைந்து சட்டத்துக்கு ஒருமுறை உச்சியிலிருந்து ஒற்றைக் கண்ணால் கீழே பாருங்கள். மேல் சதுரத்தின் ஓரங்கள் கீழ்ச் சதுரத்தின் ஓரங்களுக்கு இணையாக இல்லையென்றால் டெரிக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. முன்னால் நின்று பார்த்தால் இது பிடிபடாது.

தரைப் பலகையை ஒட்டுவதற்கு முன் உச்சிக் கப்பியிலிருந்து ஒரு நூலில் சின்ன நட் கட்டித் தொங்கவிடுங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு வேலைதான். நட் ஆடி அடங்கும் இடத்தில்தான் துளை. உத்தரத்தின் முனையும் அதே இடத்துக்கு மேல் வர வேண்டும். இரண்டாவது டெரிக்கில் எனக்கு 4 மி.மீ. விலகியது. உத்தரத்தை நகர்த்த முடியாமல் சாம்சன் தூணைப் பிடுங்கி மறுபடி நட்டேன்.

எண்ணெய் பீறிட்டு அடிக்கும் காட்சி மேல் எல்லோருக்கும் ஆசை உண்டு. டாஃப்ட் அருகிலேயே 1910இல் லேக்வியூ கிணறு வெடித்து, சுமார் 18 மாதத்தில் 90 லட்சம் பீப்பாய் அளவுக்குக் கக்கியது. ஆனால் அது தன்னைத் தோண்டிய டெரிக்கையே பள்ளத்துக்குள் விழுங்கிவிட்டது. அதை அப்படியே மாடலாகச் செய்வதென்றால் நமக்கு வேலையே இல்லை.

சரி, எங்கே வைப்பது? 82 அடி டெரிக் எச்.ஓ.வில் கிட்டத்தட்ட 29 செ.மீ. உயரம். மேலே இன்னொரு தட்டில் தண்டவாளம் ஓடினால் முதலில் அளந்துகொள்ளுங்கள். பின்னணிக்கு இன்னும் சிறிய 1:160 அளவில் இரண்டு மூன்று கட்டி வைத்தால் வயல் தூரத்தில் விரியும். கொதிகலனைக் கிணற்றை ஒட்டி வைக்காதீர்கள்; வாயு தீப்பிடிக்கும் என்று அசலில் தள்ளித்தான் வைத்தார்கள். தண்டவாளத்தை ஒட்டி டெரிக்கை நிறுத்தி டேங்கர் வேகனை அதன் காலடியில் விடுவதும் கூடாது. எண்ணெய் முதலில் தொட்டிக்குப் போய், அங்கிருந்து குழாய் வழியாக ஏற்றுமேடைக்கு வரும். 2 அங்குலக் குழாய்க்கு 0.6 மி.மீ. பித்தளைக் கம்பி சரியாக இருக்கும். அளவுகோல் வைத்த மாதிரி நேராக இல்லாமல், தரை ஏறி இறங்கும் இடமெல்லாம் அதுவும் ஏறி இறங்கட்டும்.