ஒரே ஆளுக்கு மூன்று மெயில்: ஏஐ ஏஜென்டை வழிக்குக் கொண்டுவந்த என் அனுபவம்

எங்களுடையது ஆறு பேர் வேலை செய்யும் சின்ன நிறுவனம். பாக்கி வைத்திருப்பவர்களுக்கு நினைவூட்டல் மெயில் அனுப்பும் வேலையை ஒரு ஏஐ ஏஜென்டிடம் (சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்) விட்டிருந்தேன். இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் பழைய வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, "முந்தாநாளே கட்டிவிட்டேனே, அதே மெயில் ஏன் மூன்று தடவை வருகிறது?" என்று கேட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை.

ப்ராம்ப்டில், அதாவது ஏஜென்டுக்கு எழுதிக் கொடுத்த கட்டளையில், "ஒரு தடவைதான் அனுப்ப வேண்டும்" என்று சேர்த்துப் பார்த்தேன், பலனில்லை. அது செய்ததெல்லாம் பதிவாகும் லாக்கை வரி வரியாகப் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது: மெயில் போய்விட்டது, சர்வர் பதில் சொல்லத் தாமதித்ததால் டைம்அவுட் ஆகி (காத்திருக்கும் நேரம் முடிந்து), போகவில்லை என்று எண்ணி ஏஜென்ட் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறது. அதன் கணக்கில் அது ஒரே தடவைதான்! பணம் வந்த விவரத்தையோ, வாரம் ஒருமுறை மட்டும் நான் ஏற்றும் ஷீட்டில் பார்த்திருக்கிறது; அவர் கட்டிய பணம் அதில் இன்னும் ஏறவில்லை. அது என் தப்பு.

முதல் வேலையாக அனுப்பும் அனுமதியைப் பிடுங்கினேன். இப்போது அது டிராஃப்ட் மட்டும் போடும், பாக்கியைக் கணக்கு மென்பொருளிலிருந்தே படிக்கும், அதுவும் படிக்க மட்டும். இன்வாய்ஸ் எண்ணும் நினைவூட்டல் தேதியும் அனுப்பியவற்றின் பதிவில் ஏற்கெனவே இருந்தால், மெயில் அனுப்பும் ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) அனுப்பாமல் நின்றுவிடும். அங்கே ஏஐ கிடையாது, சாதாரண நாலு வரி கோட். கணக்குப் பார்ப்பவர் காலையில் பத்து நிமிடம் டிராஃப்டுகளைப் புரட்டிவிட்டு அந்த ஸ்கிரிப்ட் வழியாக அனுப்புகிறார்.